ஏழாம் எண் கிண்ணம்

நூற்றெழுபது பாகை. ஆறு நாள்.
எஃகு உறைக்குள் டெஃப்லான் கிண்ணம்,
கிண்ணத்துக்குள் சிலிக்கா, தண்ணீர்,
கிராம் விலை கேட்டால் நெஞ்சடைக்கும்
ஒரு கரிமச் சேர்மம்.
திங்களன்று அடுப்பில் வைத்தால்
ஞாயிறன்று திறக்க வேண்டும்.
முலூஸில் ஞாயிற்றுக்கிழமை
டிராம்கூடக் கொட்டாவி விட்டபடிதான் வரும்.

மூன்று ஆண்டில் நூற்று நாற்பத்தொரு முறை.
நூற்று முப்பத்தேழு முறை குவார்ட்ஸ்.
எந்த ஆற்று மணலிலும் அள்ளக்கூடியதை
பிரெஞ்சு அரசாங்கத்தின் காசில்
பொறுமையாகச் சமைத்துக்கொண்டிருந்தேன்.

மீதி நான்கு முறை வேறொன்று வந்தது.
எக்ஸ்-கதிர் வரைபடத்தில்
ஏழரைப் பாகையில் ஒரு முகடு,
ஊசி நட்டதுபோல.
ஏழரை!
சனி பிடித்தால் இப்படித்தான் பிடிக்க வேண்டும்
என்று தனியறையில் தமிழில் சொல்லிச் சிரித்தேன்.

ரிஷெர் தாளைச் சன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.
பேராசிரியர்களுக்கு உரிய ஒற்றைச் சொல்:
மறுபடி.

அந்தச் சொல்லுக்குள் ஓராண்டு போயிற்று.
காற்றின் ஈரம் குறித்தேன்.
தண்ணீர்ப் புட்டியின் தொகுதி எண் குறித்தேன்.
அடுப்புக் கதவை யார், எப்போது திறந்தார்கள் என்று குறித்தேன்.
கடைசியில், வெட்கத்தை விட்டு,
மாதவிலக்கான நாட்களையும்
ஓரத்தில் பென்சிலால் குறித்தேன்.

குறிக்காமல் விட்டது ஒன்றுதான்:
எந்தக் கிண்ணம்.

அந்த நான்கு திங்களும்
நல்ல கிண்ணங்களை முதுகலை மாணவர்கள் எடுத்துப் போயிருந்தார்கள்.
அலமாரியில் மிஞ்சியது ஏழு.
"அடி கீறியது, யாரும் தொடமாட்டார்கள்" என்றாள்
கண்ணாடிச் சாமான் கழுவும் ஒடில்.
திருப்பினேன்.
ஆணியால் கீறிய இரண்டெழுத்து: என்.பி.

பாலைக் காய்ச்சி நான்தான் வைத்தேன்.
உறை ஊற்றியது யார்?
கண்ணுக்குத் தெரியாத அந்தக் கீறலுக்குள்
யாருடைய மோர் ஒரு சொட்டு
இத்தனை வருடம் புளிக்காமல் காத்திருந்தது?

ஐயத்தைத் தீர்க்க ஒரே வழி கழுவுவதுதான்.
இரட்டைக் கையுறை, முகக்கவசம்,
கால்சியம் களிம்பு கைக்கெட்டும் தூரத்தில்.
ஹைட்ரோஃப்ளூரிக் அமிலத்தை ஊற்றும்போது
சத்தமே வரவில்லை.
ஏதாவது சீறியிருக்கலாம் என்று தோன்றியது.
வெளியே கால்வாயில் பனி, மெல்லிய ஆடையாய்.
அடுத்த ஞாயிறு: குவார்ட்ஸ்.
அதற்கடுத்ததும் குவார்ட்ஸ்.
மூன்றாவதில், சேமித்துவைத்த அறுபது மில்லிகிராமிலிருந்து
ஊசி முனையளவு எடுத்துப் போட்டேன்.
ஏழரை வந்து நின்றது.

நாசிம் பெல்காசெம்.
ஒன்பது ஆண்டுக்கு முன்
நான்காம் வருடத்தில் ஆய்வை விட்டுப் போனவன்.
பாசல் பக்கம் பாய்லர் பழுதுபார்க்கிறான்.
எண் தேடிக் கூப்பிட்டேன்.

"ஏழரையிலா?
அது அசுத்தம்.
ஒன்பது மாதம் அதை ஒழிக்கத்தான் பாடுபட்டேன்.
கழுவக் கழுவ வந்தது.
நூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் பாருங்கள்,
சிவப்பில் திட்டியிருப்பேன்."
பின்னால் யாரோ குழாயைத் தட்டினார்கள்.
"நல்ல பொருளா அது?"
நல்ல பொருள்தான் என்றேன்.
மூச்சு மட்டும் கேட்டது கொஞ்ச நேரம்.
பிறகு, வேலை இருக்கிறது, வைக்கிறேன் என்றான்.

நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் இருந்தது.
என் முகட்டில் பாதி உயரம்கூட இல்லை.
சுற்றிலும் சிவப்பு வட்டம்,
பக்கத்தில் ஒரு கெட்ட வார்த்தை, எழுத்துப் பிழையோடு.

செய்முறைப் பகுதியை நேற்று எழுதி முடித்தேன்.
"கலன் எண் 7. முன்பு பயன்படுத்தப்பட்டது. கழுவப்படாதது."
இப்படியெல்லாம் எழுதினால்
நம்மைச் சோம்பேறி என்பார்கள் என்கிறார் ரிஷெர்.
உண்மை அதுதானே என்றேன்.
அவனுக்கு நன்றியுரை போதும் என்கிறார்.

ஆசிரியர் வரிசையில் என் பெயர் இருக்கிறது.
அவர் பெயர் இருக்கிறது.
நடுவில் ஒரு காற்புள்ளி போட்டு
நிறுத்தியிருக்கிறேன்.
மணி பதினொன்றரை.
அடுப்பில் இன்னும் நான்கு நாள் பாக்கி.